ஒன்று முதல் ஐந்து வரை

வூச் என்றால் போலிஷ் மொழியில் படகு.
ஆறுகளைக் குழாய்க்குள் அடைத்து
மேலே தெருப் போட்டுக்கொண்ட ஊருக்கு
படகென்று பெயர்.
இங்கே யாரும் அதற்குச் சிரிப்பதில்லை.
நான் சிரித்தேன். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

நவம்பரில் நகராட்சி வேலை கொடுத்தது:
கழுத்தில் ஒரு அட்டை, ஒரு கட்டுப் படிவம், இரண்டு பேனா.
உங்கள் வட்டாரம் எப்படி, கடைகள் எப்படி,
ஒன்று முதல் ஐந்து வரை சொல்லுங்கள்.
ஒன்று, படுமோசம். ஐந்து, பிரமாதம்.

எட்டாம் எண் வீட்டு லெஷெக்
கதவுச் சங்கிலியை எடுக்காமலே பேசினார்.
டிராமுக்கு ஒன்று.
முந்தாநாள் அவர் மூக்குக்கு நேரே கதவைச் சாத்திக்கொண்டு போனதாம்.
மற்ற நாட்களில்?
"மற்ற நாட்களில் வந்தது. வருவதற்கெல்லாம் மார்க்கா?"

அதே கட்டடம், மூன்றாம் மாடி, போகுமீலா:
டிராமுக்கு ஐந்து.
சன்னல் அதிர்ந்தால் மணி ஐந்தேகால்.
கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கி நாலு வருஷம் ஆகிறது அவளுக்கு.

மூலை பேக்கரியில்
கசகசா பன் சிறுத்துவிட்டது என்றார்கள் பதினோரு பேர்.
பன் அதேதான், உன் கைதான் பருத்துவிட்டது என்று
பதினோராவது ஆளின் மனைவி
சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

வியட்நாம் சூப் கடைக்கு ஆறு போட முடியாதா என்று
ஒரு மாணவன் கெஞ்சினான்.
கடன் வைத்திருக்கிறான் போல.

கார்கிவிலிருந்து வந்து நகப்பூச்சுக் கடை போட்டிருக்கும் ஓலெஸ்யா
பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள்.
"போன வருஷம் கேட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் ஐந்து.
விருந்துக்கு வந்த வீட்டில் உப்பில்லை என்பார்களா?
இப்போது எழுதிக்கொள்,
குப்பை வண்டிக்கு இரண்டு."
இரண்டு என்று சொல்லிவிட்டு
சொந்தச் சாவி கிடைத்தவள் மாதிரி
சாய்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு வியெஸ்வாவாவின் இரும்புச் சாமான் கடை.
தெரு முழுக்க ஒன்று. ஒன்று. ஒன்று.
பூஜ்யம் உண்டா என்று கேட்டார் ஒரு பல் மருத்துவர்.
ஆணி கேட்டால் என்ன சுவர் என்பாளாம்.
தெரியாது என்றால்
போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வா என்பாளாம்.
பெரிய நோட்டை நீட்டினால் அவள் விடும் பெருமூச்சில்
தொங்கும் கொக்கிகள் கிணுகிணுக்குமாம்.

அடுத்த கேள்வி: எத்தனை முறை அங்கே போவீர்கள்?
வாரம் ஒரு முறை. வாரம் ஒரு முறை. இரண்டு முறை.
பக்கத்திலேயே பெரிய மால் இருக்கிறதே?
"அங்கே என் சுவரைப் பற்றி யார் கேட்கிறார்கள்?" என்றார்
பூஜ்யம் கேட்டவர்.

அவள் கடைக்குள் போனேன்.
படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.
"வாடிக்கையாளர் எப்படி என்று கேள்வியே இல்லையே?"
இல்லை.
பேனாவைப் பிடுங்கி, தாளைத் திருப்பி, எழுதத் தொடங்கினாள்.

லெஷெக், இரண்டு. திருகாணியை வளைத்துவிட்டு
வளைந்தே வந்ததென்று சாதிப்பவன்.
போகுமீலா, நான்கு. பல்பு வாங்கினாள், ஏணி கேட்டாள்,
ஏறினது நான்.
பல் மருத்துவர், மூன்று. துளைபோடத் தெரியாது.
பல்லில் எப்படியோ, யார் கண்டது.
நகக் கடைப் பெண், ஐந்து. சில்லறையாகவே தருவாள்.

தாள் நிறைந்தது. ஓரத்தில் திருப்பித் திருப்பி எழுதினாள்.
அத்தனை பேரின் சுவரும் அவளுக்குத் தெரிந்திருந்தது,
எது செங்கல், எது வெறும் அட்டை என்று.

பிறகு என் காலைப் பார்த்தாள்.
வாய் பிளந்திருந்தது இடது ஷூ.
ஒரு பசைக் குழாய் மேசைமேல் வந்து விழுந்தது.
"பதினொரு ஸ்வோட்டி. ஒட்டிவிட்டுப் பத்து நிமிஷம் நில்.
நீ நிற்கமாட்டாய், தெரியும்."

நின்றேன். எட்டு நிமிஷம்.

வெளியே மழை. கட்டை மார்போடு அணைத்து ஓடினேன்.
டிராம் என்னைப் பார்த்தது,
பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தியது.

ஒன்று, என்று கத்தினேன்
தெரு முழுக்கக் கேட்க.
எட்டாம் எண் வீட்டில் ஒரு சன்னல் திறந்து
யாரோ கைதட்டினார்கள்.